விச்சென்சா பசிலிக்கா: கோணல் கட்டடத்துக்கு ஒரு கல் சட்டை

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். விச்சென்சா ரயில் நிலையத்தில் இறங்கி டாக்சியில் ஏறி "பசிலிக்கா" என்று மட்டும் சொன்னால், ஊருக்குத் தெற்கே குன்றின்மேல் இருக்கும் மோந்தே பெரிகோ மாதா கோயிலில் கொண்டுபோய் விட்டுவிட வாய்ப்பு உண்டு. அதுதான் பூசை நடக்கிற பசிலிக்கா. நாம் பார்க்க வேண்டியது ஊருக்கு நடுவே, சதுக்கத்தில் நிற்கும் நகராட்சி மாளிகை. பழைய பெயர் பலாட்சோ தெல்லா ரஜோனே. 'ரஜோனே' என்பதற்கு இந்த இடத்தில் நீதி என்று பொருள். கீழே கடைகள், மேலே வழக்கு மன்றம். வட இத்தாலிய நகரங்கள் பலவற்றில் இதுதான் ஏற்பாடு.

பசிலிக்கா என்ற பெயர், இதன் கல் தாழ்வாரத்தைக் கட்டிய 16-ஆம் நூற்றாண்டுக் கட்டடக்கலைஞர் பல்லாடியோ கொடுத்தது. பண்டைய ரோமில் அந்தச் சொல் நீதி சொல்லவும் வியாபாரம் பேசவும் ஜனங்கள் கூடிய பெரிய மண்டபத்தைத்தான் குறித்தது. தேவாலயங்களுக்கு அந்தப் பெயர் பிற்பாடு போனது. 1570-இல் வெனிஸில் அச்சான தன் கட்டடக்கலை நூலில் அவர் இந்த மாளிகையைப் பழைய ரோமானிய பசிலிக்காக்களின் வரிசையில் வைத்து எழுதினார். பெயர் ஒட்டிக்கொண்டது. டாக்சிக்காரரிடம் "பியாட்சா தெய் சிஞ்ஞோரி" என்று சொல்லுங்கள். டாக்சியே வேண்டாம் என்பது என் கட்சி. நிலையத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். வியாலே ரோமா வழியாக நேரே வந்து, போர்த்தா காஸ்தெல்லோ கோபுரத்தைத் தாண்டி, கோர்சோ பல்லாடியோ என்ற கடைத்தெருவில் நடந்து வலப்பக்கம் இறங்கினால் சதுக்கம். கால் மணி நேர நடை.

வெனிஸிலிருந்து வேக ரீஜனல் ரயிலில் முக்கால் மணி அளவு. பாதுவாவிலிருந்து அதில் பாதிகூட ஆகாது. மிலான்–வெனிஸ் தடத்திலேயே ஊர் இருப்பதால் ரயிலுக்குப் பஞ்சமில்லை. ரீஜனல் ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால் நடைமேடைக்குப் போகும் வழியில் இருக்கும் சிறு இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொண்டு ஏறவும். கையில் டிக்கெட் இருந்தும் முத்திரை இல்லாததால் அபராதம் கட்டுவது இத்தாலியில் தினப்படிக் கதை. வாடகைக் கார் எடுத்திருப்பவர்கள் பழைய நகருக்குள் நுழைய வேண்டாம். உள்வட்டம் முழுக்கக் கட்டுப்பாட்டு மண்டலம். காமிரா எண்ணைப் பிடித்துவிடும், அபராதச் சீட்டு மாதங்கள் கழித்து வந்து சேரும். சுற்றுச்சாலையை ஒட்டிய கார் நிறுத்தத்தில் விட்டுவிட்டு நடப்பதே மேல்.

நாள் பார்த்துப் போக வேண்டும். திங்கட்கிழமை ஊரின் அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை. செவ்வாயும் வியாழனும் காலையில் சதுக்கத்தில் சந்தை கூடும். வியாழன் சந்தை பெரியது, துணியும் பாத்திரமும் பந்தலுமாகத் தரைத்தளத்தை மறைத்துவிடும். முகப்பை முழுதாகப் பார்க்க நினைப்பவர்களுக்கு அந்த இரண்டு காலைகளும் ஆகாது. சந்தை பார்க்கப் பிடிக்கும் என்றால் அந்த நாளில் போய், கட்டடத்தை மதியத்துக்குமேல் பார்க்கலாம்.

இனி கட்டடம். சதுக்கத்தின் எதிர்ப்பக்கச் சுவரை முதுகில் வைத்துக்கொண்டு நின்று பார்த்தால், வெள்ளைக் கல்லில் இரண்டு அடுக்கு வளைவுத் தாழ்வாரம் தெரியும். தலைக்குமேலே கவிழ்த்த கப்பலின் அடிப்பாகம் போல, பச்சை பூத்த செம்புத் தகடு போர்த்த கூரை. இரண்டும் ஒரே கையால் ஆனவை அல்ல. கூரையும் அதைத் தாங்கும் செங்கல் உடலும் 15-ஆம் நூற்றாண்டின் நடுவில் தொமேனிக்கோ தா வெனெட்சியா கட்டிய கோதிக் மாளிகை. அதுவும் வெறும் மனையில் எழவில்லை. அதற்கும் முந்தைய இரண்டு பொதுக் கட்டடங்களை உள்ளே விழுங்கி, அவற்றுக்கிடையே ஓடிய சந்துகளையும் தரைத்தளத்தில் அப்படியே விட்டுவைத்து எழுந்தது. இன்றும் சதுக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அந்த வழியாகவே கடந்து போகலாம். விளைவு, தூண்களுக்கிடையே இருந்த தூரம் எதுவும் எதோடும் பொருந்தவில்லை. மூலைகளும் செங்கோணமாக இல்லை.

இதைச் சுற்றி ஈரடுக்குத் தாழ்வாரம் கட்டும் வேலை 1481-இல் தொம்மாசோ ஃபொர்மெந்தோனிடம் போனது. 1494 வாக்கில் முடிந்தது. 1496-இல் தென்மேற்கு மூலை சரிந்து விழுந்தது. அதற்குப்பின் அரை நூற்றாண்டு, நகரசபை ஒவ்வொரு பெரிய பெயராகக் கூப்பிட்டு யோசனை கேட்டது. 1538-இல் சன்சோவினோ, 1539-இல் செர்லியோ, 1541-இல் சன்மிக்கேலி, 1542-இல் மாந்துவாவிலிருந்து ஜூலியோ ரோமானோ. யார் சொன்னதும் நிறைவேறவில்லை. கடைசியில் உள்ளூர்க் கல்தச்சர் பட்டறையிலிருந்து வந்த ஒருவரிடம் போய் நின்றார்கள். 1546-இல் பல்லாடியோவும் அவருடைய பட்டறை முதலாளி ஜொவான்னி தா பெதெமூரோவும் திட்டத்தைக் கொடுத்தார்கள். ஒரு வளைவை மரத்தில் செய்தும் காட்டினார்கள். 1549 ஏப்ரலில் சபை ஒப்புதல் தந்தது. பல்லாடியோவுக்கு அப்போது வயது 40. பொதுக் கட்டடம் ஒன்றும் அதுவரை அவர் பெயரில் இல்லை.

பெரிய பெயர்கள் தடுக்கி விழுந்த இடத்தில் இவர் எப்படி நின்றார் என்பது சதுக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாது. தாழ்வாரத்துக்குக் கிட்டப் போக வேண்டும். கீழ்த்தளத் தாழ்வாரம் பொதுவழிதான், டிக்கெட் கிடையாது.

பாலத்துக்குக் கண் என்று சொல்வோமே, அதுபோல இந்த முகப்புக்கு ஒன்பது கண். ஒவ்வொரு கண்ணின் இரு ஓரத்திலும் கனத்த கட்டுத்தூண், அதன் முகத்தில் ஒட்டிய பெரிய அரைத்தூண். கீழடுக்கில் டோரிக், மேலடுக்கில் அயோனிக்; இரண்டும் பழைய கிரேக்கத் தூண் பாணிகள். இரண்டு கட்டுத்தூண்களுக்கும் நடுவில் ஒரு வளைவு. அந்த வளைவு கட்டுத்தூண்மீது உட்காரவில்லை. சிறிய உருண்டைத் தூண்கள்மீது உட்கார்ந்திருக்கிறது. கட்டுத்தூண் பருமனாக இருப்பதால் சிறு தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஜோடி ஜோடியாக நிற்கின்றன. ஆக ஒரு கண்ணுக்கு நான்கு. சிறு தூணுக்கும் கட்டுத்தூணுக்கும் நடுவே இருபுறமும் ஆள் நுழையும் இடைவெளி, அதன் தலைமேல் தட்டையான உத்தரம், உத்தரத்துக்குமேல் வட்டமான துளை. இந்த அமைப்புக்குச் செர்லியானா என்று பெயர். செர்லியோ 1537-இல் வெளியிட்ட நூலில் படம் போட்டு பரப்பியதால் வந்த பெயர். மேலே சொன்ன பட்டியலில் 1539-இல் வந்து யோசனை சொல்லிவிட்டுப் போன அதே செர்லியோதான். சன்சோவினோவும் வெனிஸ் நூலகத்தில் இதைக் கையாண்டிருக்கிறார். எனவே பல்லாடியோ கண்டுபிடித்த வடிவம் அல்ல இது. அவர் கண்டுபிடித்தது அதற்கு இங்கே இருந்த வேலையை.

சாதாரண வளைவு வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அரைவட்ட வளைவின் உயரம் அகலத்தில் பாதி. ஒரு கண் அடுத்ததைவிட 40 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொண்டால் அதன் வளைவு 20 செ.மீ. உயர்ந்துவிடும். ஒன்று, உச்சிகள் ஏறி இறங்கும். இல்லையென்றால் வளைவு தொடங்கும் இடம் ஏறி இறங்கும். நேராக ஓடும் கிடைக்கோட்டுக்குக் கீழே அது பல்வரிசை மாதிரி பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். பல்லாடியோ எல்லாக் கண்ணிலும் வளைவை ஒரே அளவில் நிறுத்திவிட்டார். மிச்சம் வரும் 40-ஐ இடப்பக்க இடைவெளிக்கு 20, வலப்பக்கத்துக்கு 20 என்று பிரித்துக் கொடுத்துவிட்டார். கண் குறுகலாக இருந்தால் அதே கணக்கு தலைகீழ். நம் கண் வளைவைத்தான் பார்க்கும், பக்கத்து இடைவெளியை யாரும் அளப்பதில்லை. (40 என்பது விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்.)

நீங்கள் அளந்து பாருங்கள். முகப்பின் நடுவில் ஏதாவது ஒரு கண்ணில், கட்டுத்தூணின் அடிப்பீடத்திலிருந்து சிறு தூணின் அடிப்பீடம் வரை காலடி வைத்து எண்ணுங்கள். அப்படியே ஓரம்வரை போய் மூலைக் கண்ணில் எண்ணுங்கள். நடுவில் தாராளமாக நடந்து போன இடம், மூலையில் உடம்பைத் திருப்பி நுழைய வேண்டிய சந்தாகிவிடும். மூலையில் கட்டுத்தூணைத் தடிக்க வைத்து, பெரிய தூணையும் இரட்டிப்பாக்கியிருக்கிறார். அதற்கான இடம் பக்க இடைவெளியிலிருந்துதான் எடுக்கப்பட்டிருக்கிறது. 1496-இல் எது விழுந்தது என்பதை நினைத்தால் மூலையை ஏன் இப்படி இறுக்கினார் என்பது புரியும்.

வட்டத் துளைகளும் அழகுக்கு மட்டும் இல்லை. வளைவின் தோளில் இருக்கும் கல்லின் பாரத்தைக் குறைக்கின்றன, உள்ளே வெளிச்சத்தை விடுகின்றன. அண்ணாந்து பார்த்தால் கீழடுக்குக்கு மேல் ஓடும் பட்டையில் எருதின் மண்டையோடும் வட்டத் தட்டும் மாறி மாறி வரும். பழைய ரோமானியப் பலிச் சடங்கின் நினைவு அவை. ஒவ்வொரு அரைத்தூணுக்கு நேர்மேலேயும் அந்தப் பட்டை முன்னால் துருத்தி, மறுபடி உள்வாங்கும். இந்தத் துருத்தலால்தான் வெயில் சாயும் நேரத்தில் முகப்பு முழுக்கச் செங்குத்து நிழல்கள் விழுகின்றன.

பல்லாடியோவின் நூலைக் கையில் வைத்துக்கொண்டு வருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதில் உள்ள படத்தில் கண்கள் ஒழுங்காக இருக்கும். அது அவர் விரும்பிய கட்டடம், கட்டியது வேறு. எண்களும் விச்சென்சா அடியில் இருக்கும். ஓர் அடி ஏறக்குறைய 35.7 செ.மீ.; இன்றைய அடியாக நினைத்து மாற்றினால் எல்லாம் சின்னதாகிவிடும்.

கல் அருகிலிருக்கும் பியோவேனேயிலிருந்து வந்த வெள்ளைச் சுண்ணாம்புக் கல். தூணோ உத்தரமோ எதிலும் பூச்சு ஏமாற்று இல்லை, உள்ளே செங்கல் வைத்து மேலே சாந்து பூசிய வேலை இல்லை. அதற்கான விலையையும் ஊர் கொடுத்தது. கீழடுக்கு 1561-இல் முடிந்தது. மேலடுக்கு 1564-இல் தொடங்கி 1597 வரை இழுத்தது. பின்பக்கம் முடிய 1614 ஆயிற்று. மொத்தச் செலவு 60,000 டுகாட், அந்தக் காலத்து வெனிஸ் நாணயத்தில். பல்லாடியோ 1580-இலேயே காலமாகிவிட்டார். ஆனால் 1549 முதல் அதுவரையான முப்பது ஆண்டும் இந்த வேலைக்கான மாதச் சம்பளம் அவர் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

மேலே ஏற டிக்கெட் வேண்டும். கட்டணமும் நேரமும் கண்காட்சியைப் பொறுத்து மாறுகின்றன, அதனால் நகராட்சி அருங்காட்சியகத் தளத்தில் அந்த வாரத்து நிலவரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பவும். முதியவர்கள் கூட வந்தால் லிஃப்ட் ஓடுகிறதா என்று கவுண்டரில் கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள். கல் படிகள் உயரமானவை.

மேல்தளத் தாழ்வாரத்தில் பலர் சதுக்கத்தைப் பார்த்தே நின்றுவிடுகிறார்கள். திரும்பி நில்லுங்கள். உள்சுவரில் சிவப்பும் வெளிர்மஞ்சளுமான வெரோனாக் கல், பாய் முடைந்த மாதிரி சாய்சதுரம் சாய்சதுரமாகப் பதிந்திருக்கும். அதுதான் 15-ஆம் நூற்றாண்டின் பழைய முகம். பல்லாடியோ அதை இடிக்கவில்லை, மேலே சட்டை போட்டார். சட்டைக்கும் உடம்புக்கும் நடுவில் நின்று இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்க முடிகிற இடம் இது ஒன்றுதான். டிக்கெட் காசு இதற்கே சரியாகப் போய்விடும்.

உள்ளே மண்டபம். நீளம் சுமார் 52 மீட்டர், அகலம் 22, உயரம் 25. நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. தலைக்குமேல் வளைந்த மர விலாக்கள் மட்டும். பாதுவாவில் இதே பெயரில் இதைவிடப் பெரிய மண்டபம் உண்டு, சுவரெல்லாம் ஓவியம். அதைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு இது மொட்டையாகத் தெரியலாம். காரணம் உண்டு. 1945 மார்ச் 18 குண்டுவீச்சில் கூரை தீப்பிடித்து முழுவதும் விழுந்தது. நாம் பார்க்கும் கூரை போருக்குப்பின் திரும்பக் கட்டி, 2007 முதல் 2012 வரை நடந்த பெரிய சீரமைப்பில் மறுபடி செப்பனிட்டது. கண்காட்சி நடக்கும்போது தற்காலிகத் தடுப்புகள் மண்டபத்தைக் கூறுபோட்டுவிடும், 52 மீட்டரையும் ஒரே வீச்சில் பார்க்க முடியாது. மண்டபத்துக்காகவே வருபவர்கள் கண்காட்சி இல்லாத நாளைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம்.

அதற்கும்மேல் திறந்த மாடி. சிலைகள் வரிசையாக நிற்கும் கைப்பிடிச் சுவரை ஒட்டி நடக்கலாம். மழை பெய்தால் மூடிவிடுவார்கள், குளிர்காலத்தில் திறப்பதை நம்ப முடியாது. பக்கத்தில் ஒல்லியாக 82 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் மணிக்கூண்டு தோரே பிஸ்ஸாரா. மாளிகையைவிட வயதில் மூத்தது, 12-ஆம் நூற்றாண்டில் ஒரு குடும்பத்தின் சொந்தக் கோபுரமாக எழுந்தது. சதுக்கத்திலிருந்து அதை முழுசாகப் படத்தில் அடைப்பதற்குள் கழுத்து வலித்துவிடும். மாடியிலிருந்து எளிது.

படம் எடுப்பவர்களுக்கு: சதுக்கத்தை நோக்கிய முகப்பு வடக்குப் பக்கம். நண்பகலில் சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் நிற்கும். வானம் வெளுத்து, தாழ்வாரம் கறுத்து, படம் பாழ். கோடைக்கால மாலையில் சாய்வெயில் கிடைக்கும். குளிர்காலத்தில் நேர்வெயிலே விழாது, அந்தி சாய்ந்து விளக்குப் போட்டபின் எடுப்பது நல்லது. வெயில் வேண்டுமென்றால் பின்பக்கம் பியாட்சா தெல்லே எர்பேக்குப் போங்கள். பெயருக்கேற்ற பழைய காய்கறிச் சந்தை அது. அந்தப் பக்கம் தரை ஒரு தளம் தாழ்ந்து இருப்பதால், தாழ்வாரத்துக்கு அடியில் இன்னொரு வரிசைக் கடைகள் தெரியும். முன்பக்கம் இரண்டு அடுக்காக இருந்த கட்டடம் இங்கே மூன்று அடுக்காக ஓங்கி நிற்கும். வளைவு ஒன்றால் மாளிகையோடு இணைந்திருக்கும் கோபுரத்துக்குத் தோரே தெல் தொர்மெந்தோ, வதைக் கோபுரம் என்று பெயர். சிறை அது. தீர்ப்புக்கும் தண்டனைக்கும் நடுவே அதிக தூரம் வைக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் இந்தப் பக்கமே ஒதுங்கலாம். சதுக்கத்து மேசையில் உட்கார்ந்தால் காப்பிக்கு ஒரு விலை, கவுண்டரில் நின்று குடித்தால் வேறு விலை; இரண்டும் விலைப்பலகையில் இருக்கும், பார்த்துவிட்டு உட்காருங்கள். ஊரின் பெயர்பெற்ற பதார்த்தம் பக்கலா அல்லா விச்சென்தீனா. இத்தாலியின் மற்ற இடங்களில் பக்கலா என்றால் உப்புக்கண்டம் போட்ட மீன். இங்கே உப்பே போடாமல் காற்றில் உலர்த்திய நோர்வே மீன். நாள்கணக்கில் ஊறவைத்து, பாலிலும் எண்ணெயிலும் கிளறாமல் மெதுவாக வேகவைத்து, சோளமாவுக் களியோடு தருவார்கள். நீதிமன்றத்தைப் பசிலிக்கா என்கிற ஊர் இதைப் பக்கலா என்பதில் ஆச்சரியமில்லை.

சதுக்கத்தை விட்டுப் போகுமுன் எதிர்ப்பக்கம் ஐந்து நிமிடம் கொடுங்கள். லோஜா தெல் கபித்தானியாத்தோ, வெனிஸ் அரசு அனுப்பிய படைத்தலைவரின் மாளிகை. 1404 முதல் ஊர் வெனிஸின் கையில் இருந்தது. சதுக்கத்தின் ஓரத்தில் கம்பத்தின்மேல் நிற்கும் சிறகு முளைத்த சிங்கம் அதற்குச் சாட்சி. இந்த லோஜாவையும் கட்டியவர் பல்லாடியோதான், 1571–72-இல். மூன்றே கண். தூண்கள் தரையிலிருந்து மேல்தளம்வரை ஒரே வீச்சாக ஏறும். கிட்டப் போய் அந்தத் தூணைத் தொட்டுப் பாருங்கள்: செங்கல். வட்ட வடிவத்துக்காக வளைந்த விளிம்போடு வார்த்த செங்கற்களை அடுக்கியிருக்கிறார்கள், மேல்பூச்சு பெரும்பாலும் போய்விட்டது. பீடமும் வேறு சில இடங்களும் மட்டும் கல். பல்லாடியோவின் பெரும்பாலான கட்டடங்கள் இப்படித்தான்: உள்ளே செங்கல், மேலே சாந்து, தூரத்துப் பார்வைக்குக் கல். எதிரே இருக்கும் முழுக்கல் தாழ்வாரம் அவர் வாழ்க்கையில் அரிதாகக் கிடைத்த வசதி. இரண்டையும் ஒரே நாளில், முப்பது தப்படி இடைவெளியில் தொட்டுப் பார்க்கலாம்.

பக்கச் சுவரில் போர் வெற்றிச் சின்னங்கள் அப்பியிருக்கும். வேலை நடக்கும்போதுதான், 1571 அக்டோபரில், லெபாந்தோ கடற்போரில் துருக்கியரை வென்ற செய்தி வந்து சேர்ந்தது. முகப்பில் பொறித்திருக்கும் பெயர் அப்போதைய படைத்தலைவர் ஜொவான்னி பத்திஸ்தா பெர்னார்தோவுடையது. மாடியில் இருக்கும் மண்டபமும் அவர் பெயரால் சாலா பெர்னார்தா. நகரசபைக் கூட்டம் இன்றைக்கும் அங்கேதான் கூடுகிறது. உறுப்பினர்கள் சன்னலுக்கு வந்து நின்றால் எதிரே ஒன்பது கண்ணும் தெரியும்.